நெல்லறையில் சுளகு

தென்காசியிலிருந்து மைதீன் வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். சாரல் தொடங்கி நான்காம் நாள். குற்றாலத்து மலை மேகத்துக்குள் போய்விட்டது. இலஞ்சித் தெருவில் குடை பிடிக்கவும் முடியாமல் பிடிக்காமல் நடக்கவும் முடியாமல் பொடித் தூறல். மரவேலைச் சாமான் பையைத் தோளிலிருந்து இறக்கி, நடைவாசலில் கால் கழுவிக்கொண்டு அவர் உள்ளே வந்தார்.

"வாரும்வே மைதீன். மச்சில எலி ஏறிட்டு. பலகையப் பிரிச்சுப் பாக்கணும்" என்றார் ஆறுமுகநயினார்.

"பாத்திருவோம் அண்ணாச்சி."

ஆறுமுகநயினாருக்கு ஐம்பத்தைந்து வயது. முதுகு இன்னும் வளையவில்லை. அந்த வீட்டில் நான்கு தலைமுறையாக யாரும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. பெண்கள் சிரித்தால் தெருவுக்குக் கேட்காது. பாத்திரம் கை நழுவி விழுந்தால் அன்று முழுக்க அடுக்களையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த வீட்டைக் கடந்துபோகும்போது ஊர்க்காரர்களே பேச்சைத் தணித்துக்கொள்வார்கள். அது பணத்தால் வந்த மரியாதை இல்லை, ஒழுங்கால் வந்தது என்று அவருக்கு ஒரு நிமிர்வு உண்டு.

மைதீன் ஏணியைச் சாய்த்தார். ஒரு படி ஏறினார். நின்றார்.

"அண்ணாச்சி, உள்ள யாரும் அரிசி பொடைக்காவளா?"

ஆறுமுகநயினார் ஏணியை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

சர்… சர்… தப்.

சுளகில் அரிசியை இரண்டு முறை அலைத்துவிட்டு ஒரு முறை தட்டுகிற சத்தம். எந்த வீட்டிலும் பெண்கள் தினமும் எழுப்புகிற சத்தம்தான். பின்கட்டில் பூட்டிய நெல்லறைக்குள்ளிருந்து அது வந்துகொண்டிருந்தது.

சர்… சர்… தப்.

"அது எலி" என்றார் ஆறுமுகநயினார்.

மைதீன் ஏணியிலிருந்து இறங்கினார். "மச்சில ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. சத்தம் இங்கனதான் கேக்குது. தொறங்க, பாத்திருவோம்."

இடுப்புச் சாவியை எடுத்து ஆறுமுகநயினாரே திறந்தார். கதவு திறந்ததும் சத்தம் நின்றது. உள்ளே பழைய நெல்லின் புழுக்க வாடை வர வேண்டும். வரவில்லை. நெல் வைத்து மூன்று வருஷமாகிறது. மூலையில் நெல் கொட்டி வைக்கிற மரப்பத்தாயம் வாய் பிளந்து கிடந்தது. சுளகு மாட்டியிருந்த ஆணியில் சுளகு இல்லை; அதைப் போன ஆடியிலேயே எரித்தாயிற்று. தரையில் விரல் கனத்துக்குத் தூசி. அந்தத் தூசியில் ஒரு காலடி கூட இல்லை.

நடுவில் மட்டும் இரண்டு குவியல்கள் இருந்தன.

ஒன்று வெள்ளை வெளேரென்று அரிசி. மற்றது உமி.

மைதீன் குனிந்து உமியைத் தொட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சூடா இருக்கு" என்றார் மெதுவாக. "இப்பத்தான் குத்துன நெல்லு மாதிரி." பிறகு பையை எடுத்துத் தோளில் போட்டார். "இது மரவேலை இல்ல அண்ணாச்சி. நான் வாரேன்."

"எலின்னு சொன்னேன்."

"எலின்னே இருக்கட்டும். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் மறுபடியும் தொடங்கிவிட்டது.

சர்… சர்… தப்.

அது யாருடைய கை என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என்றால் மூன்று பேர்: ஆறுமுகநயினார், அவர் மனைவி முப்பிடாதியம்மாள், மகள் சந்தனமாரி.

மூன்று வருஷத்துக்கு முந்தைய சாரலில், ஆறுமுகநயினாரின் தங்கை சங்கரம்மாளுக்குச் செங்கோட்டையில் மாப்பிள்ளை பேசி, பாக்கு வெற்றிலை மாற்ற வீட்டில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சங்கரம்மாள் உள்ளிருந்து வந்து, "எனக்கு இது வேண்டாம்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் சபை கேட்டுவிட்டது. அண்ணன் உட்கார்ந்திருக்கும்போது தங்கை வாய் திறந்த வீடு என்று ஆகிவிட்டது. வந்தவர்கள் போன பிறகு ஆறுமுகநயினார் அவளை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. நெல்லறையில் வைத்துப் பூட்டினார். "சரி" என்று அவள் வாயால் வரும்போது கதவு திறக்கும் என்றார். சும்மா இருந்தால் புத்தி கெட்டுப்போகும் என்று ஒரு சுளகும் கொடுத்தார்.

ஒன்பது நாள் சங்கரம்மாள் உள்ளே புடைத்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தம் கேட்டால் அவருக்கு நிம்மதி. நன்றாகத்தான் இருக்கிறாள் என்று அர்த்தம். பத்தாம் நாள் சத்தம் நின்றது.

"தெறந்து பாருங்களேன்" என்றாள் முப்பிடாதியம்மாள்.

"கூப்புடட்டும். கூப்புட்டாத் தெறப்பேன்."

கதவின் கீழ்ச்சந்து வழியே தள்ளி வைத்த சோறு அப்படியே இருந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் திறந்தபோது சங்கரம்மாள் பத்தாயத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் சுளகு. சுளகில் பாதி புடைத்த அரிசி. காய்ச்சலா, பூச்சி கடித்ததா, தெரியவில்லை. வைத்தியரைக் கூட்டி வந்து கேட்கவும் இல்லை. அன்றைக்குச் சாரல் கொட்டியதால் தோப்புக்குள் ஆள் நடமாட்டம் இல்லை. தென்னை மூட்டில் ஆறுமுகநயினாரே மண்வெட்டி பிடித்தார்.

ஊருக்குச் சொன்னது வேறு. புனலூரில் அம்மா வழிச் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை அமைந்துவிட்டது, ரயிலேறிப் போனவளுக்கு அங்கேயே கோயிலில் வைத்துத் தாலி கட்டியாகிவிட்டது என்றார். அவர் சொன்னால் இலஞ்சியில் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை.

அவளைப் புதைத்த பதினாறாம் நாள் சத்தம் தொடங்கியது.

முதல் சில மாதங்கள் அவர்களுக்கு உடம்பு கூசியது. தட்டும்போதெல்லாம் தோள் தூக்கிப் போட்டது. முப்பிடாதியம்மாளுக்குப் பொட்டில் ஓயாத வலி. பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், இறக்க மாட்டாள். வேலைக்காரிகளை ஒன்றுமில்லாததற்கெல்லாம் கடிந்தாள், ஒவ்வொருத்தியாக நின்றுவிட்டார்கள். ஆறுமுகநயினார் சாப்பாட்டுத் தட்டை இரண்டு முறை தள்ளிவிட்டு எழுந்தார். தன்னை அறியாமல் கை ஓங்கிவிட்டு, ஓங்கிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

வாய்விட்டுக் கேட்டது சந்தனமாரி மட்டும்தான். "அத்ததானப்பா அது?"

"நம்ம வீட்ல ஒரு சத்தமும் இல்ல" என்றார் அவர்.

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் கூச்சம் போய்விட்டது. அதோடு வேறு எதெல்லாமோ போயிற்று. குழம்பில் உப்பில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. ஆறுமுகநயினார் கன்றிலிருந்து வளர்த்த மாடு வயலில் விழுந்து செத்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். சந்தனமாரி சிரிப்பதை விட்டாள், பிறகு அழுவதையும் விட்டாள். தலை பின்னினால் இரண்டு மடிப்புக்கு ஒரு முறை கை நின்று போகும். அவர் நடந்தாலும் அப்படித்தான். பேச்சும் அப்படித்தான். இரண்டு சொல் பேசுவார்கள். தட்டுகிற நேரத்துக்கு வாயை மூடிக்கொள்வார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள். தங்களுக்கே தெரியாமல் மூன்று பேரும் அந்தச் சுளகின் தாளத்துக்குள் குடியிருந்தார்கள்.

இப்போது சந்தனமாரிக்குப் பதினெட்டு வயது. புளியங்குடி நம்பிராஜன் வீட்டிலிருந்து பெண் பார்க்க வருகிற வெள்ளிக்கிழமை வருகிறார்கள். அதற்காகத்தான் மைதீனைக் கூப்பிட்டது.

மைதீன் போன அன்று மாலை முப்பிடாதியம்மாள் புருஷன் முன்னால் வந்து நின்றாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் அப்படி வந்து நிற்கிறாள்.

"இங்கருங்க. கன்னிப்பெட்டி வச்சிருவோம்."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. கல்யாணமாகாமல் செத்துப்போன பெண் வீட்டுக்குக் கன்னித் தெய்வம். ஓலைப்பெட்டியில் ஒரு புதுச் சேலை, வளையல், பிச்சிப்பூ வைத்து, பங்காளிகளை அழைத்துப் படையல் போட்டு, பெட்டியை வீட்டுக்குள் உயரத்தில் வைத்துவிட்டால் அவள் அடங்குவாள். வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணையும் இருப்பாள். ஆனால் பங்காளிகளை அழைக்காமல் அதைச் செய்ய முடியாது.

"யாருக்கு?" என்றார் ஆறுமுகநயினார்.

"சங்கரத்துக்கு."

"புனலூர்ல புருசன் வீட்ல இருக்கிறவளுக்குக் கன்னிப்பெட்டியா?"

முப்பிடாதியம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். மண்ணைத் தள்ளி மூடியவள் அவள். "என்கிட்டயுமா சொல்லுதிய?" என்றாள்.

சர்… சர்… தப்.

"பிள்ள வாழணும்லா. பங்காளிய நாலு பேரு தெரிஞ்சுகிட்டா என்ன?"

"நாலு பேரு தெரிஞ்சா அவளுக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

அவள் போய்விட்டாள். அவர் சொன்னதில் தவறு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. வேறு எதுவுமே தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து போயிருக்க வேண்டியவர்கள். கடையநல்லூர்ப் பக்கம் ஓடையில் வெள்ளம் போனதால் புளியங்குடி வண்டி இலஞ்சி வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. நம்பிராஜன், அவர் மனைவி குருவம்மாள், கூட இரண்டு பெரியவர்கள். முன்கட்டுப் பட்டாசலில் ஜமுக்காளம் விரித்திருந்தது. முப்பிடாதியம்மாள் விளக்கேற்றினாள். சந்தனமாரி வந்து கும்பிட்டுவிட்டு நின்றாள்.

"லெட்சணமாத்தான் இருக்கா" என்றாள் குருவம்மாள். "ஏட்டி, ஒன் பேரென்ன?"

"சந்தன…" உள்ளே சுளகின் தட்டல் விழுந்தது. "…மாரி."

"பேரச் சொல்லக் கூச்சமாக்கும்."

"எம்மவனும் இப்பிடித்தான், பொண்ணு எப்பிடின்னு கேக்கக் கூச்சம்" என்று நம்பிராஜன் சிரித்தார். "பெறவு அவுக அம்மய அனுப்பிக் கேக்கான்."

வந்தவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் சிரிக்க வேண்டிய இடத்தில் ஒரு கணம் தாமதித்து, மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். குருவம்மாளின் முகத்தில் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"என்ன மைனி, எல்லாரும் நிறுத்தி நிறுத்திப் பேசுதிய?"

அப்போதுதான் அவளுக்கும் கேட்டது.

சர்… சர்… தப்.

"வெளக்கு வச்ச பெறவு யாரு சொளவு எடுத்துப் பொடைக்கது?"

பட்டாசலில் யாரும் அசையவில்லை. விளக்கு வைத்த பிறகு சுளகு எடுத்தால் வீட்டு லட்சுமி வெளியே போவாள் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். வேலைக்காரி என்று சொல்லத்தான் ஆறுமுகநயினார் வாயெடுத்தார். ஆனால் தன் வீட்டு வேலைக்காரி அந்த ஒழுங்கு தெரியாதவள் என்று சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது? அவர் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"என் தங்கச்சி. புனலூர்லருந்து வந்திருக்கா. அந்தப் பக்கத்துல இந்த வழக்கம்லாம் பாக்க மாட்டாக."

சத்தம் நின்றது.

மூன்று வருஷத்தில் கதவு திறக்காமல் அது நின்றது அதுதான் முதல் முறை.

முப்பிடாதியம்மாள் பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அத்தக்காரி உள்ளயா இருக்கா?" என்றாள் குருவம்மாள். "சொல்லவே இல்லய. எங்க வழக்கத்துல பொண்ணுக்கு அத்ததான் பூ வச்சுவிடணும். அவுக தூரத்துல இருக்காகன்னுதான் நான் கேக்கல. வரச் சொல்லுங்க."

"கண்ணு வலி. வெளிய வர மாட்டா."

"அப்பம் பொண்ணு உள்ள போயி வச்சுக்கிட்டு வரட்டும். பூ வைக்காம நாங்க எப்பிடி முடிவு சொல்லுகது?"

ஆறுமுகநயினாரின் கை இடுப்புச் சாவியைப் பொத்திக்கொண்டது. சந்தனமாரி அவர் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள். முகத்தில் பயமில்லை, வேறெதுவும் இல்லை. அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அவள் பின்கட்டுக்குப் போனாள்.

பூட்டு திறந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

பட்டாசலில் சாரல் சத்தம் மட்டும் கேட்டது. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்பதே அந்த வீட்டில் மூன்று வருஷமாக யாருக்கும் தெரியாது. ஆறுமுகநயினார் அந்தச் சொட்டுக்களைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் இப்படித்தான் சத்தம் நின்றது, கூப்பிடட்டும் என்று இப்படித்தான் உட்கார்ந்திருந்தோம் என்பது நினைவுக்கு வந்தது. எழுந்து போக வேண்டும் என்று தெரிந்தது. போகவில்லை. சம்பந்தி முன்னால் பதறி ஓடுவது அழகில்லை என்று மட்டும் எங்கோ ஒரு நினைப்பு.

கதவு திறந்தது.

சந்தனமாரி வந்தாள். தலையில் கை கொள்ளாத பிச்சிப்பூ. தோளில் நாலைந்து உமி.

"எவ்வளவு வாசம்" என்றாள் குருவம்மாள். "அத்த கைப்பூ நல்ல பூ." பாக்கு வெற்றிலை அங்கேயே மாற்றிக்கொண்டார்கள்.

வண்டி போன பிறகு முப்பிடாதியம்மாள் மகளின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். அன்று வீட்டில் பூ வாங்கவில்லை. ஓயாத சாரலில் ஊரிலேயே பூ இல்லை.

"ஏட்டி, உள்ள யாரு இருந்தா?"

"அத்த."

"என்ன சொன்னா?"

"அவுக ஒண்ணும் சொல்லல. நாந்தான் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"என்கூட வாங்கன்னேன்."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சந்தனமாரி வண்டியேறும்போது அழவில்லை; நல்ல வளர்ப்பு என்றார்கள். வண்டிக்குள் ஏறியவள் ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் சத்தம் இல்லை. ஆறுமுகநயினார் விரும்பியபடி, நான்கு தலைமுறையாக இருந்தபடி, வீடு அமைதியாக இருந்தது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் எப்போது மெல்வது, எப்போது விழுங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. நடந்தால் கால் எடுத்துவைக்கத் தயங்கியது. முப்பிடாதியம்மாள் மத்தியானமானால் திறந்து கிடந்த நெல்லறையின் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள். "எதுக்கு அங்கன இருக்க?" என்று ஒரு நாள் கேட்டார். "நின்னுட்டுல்லா" என்றாள். "நின்னாத் தெறந்து பாக்கணும்."

ஐப்பசியில் புளியங்குடியிலிருந்து ஒரு தபால் வந்தது. நம்பிராஜனின் கையெழுத்து.

'சம்பந்தி அவர்களுக்கு, இவ்விடம் யாவரும் க்ஷேமம். தங்கள் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. உறவுக்காரி எத்தனை நாள் இருந்தாலும் எங்களுக்குச் சந்தோஷமே. ஆனால் வந்த நாளிலிருந்து பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. கண்வலி தீரவில்லை என்று சந்தனமாரி சொல்லுகிறாள். வேளாவேளைக்குச் சோறு கொண்டுபோய் வைப்பதும் அவளே. எடுத்துவருகையில் தட்டு அப்படியே இருக்கிறது. விளக்கு வைத்த பிறகு புடைக்க வேண்டாமென்று நாங்கள் சொல்லி நிற்கவில்லை. என் மனைவிக்கு ஒரு மாதமாகத் தலைவலி. பேச்சை விட்டு விட்டுப் பேசுகிறாள். மருமகள் முழுகாமல் இருக்கும் சமயத்தில் வீட்டில் இது நல்லதல்ல. தாங்கள் சொன்னால் கேட்பாள் என்று நினைக்கிறேன். ஒரு வரி எழுதவும். புனலூரில் இருக்கும் அவள் புருஷன் விலாசத்தையும் தெரிவித்தால், வந்து அழைத்துப்போகச் சொல்லி நாங்களே எழுதிக்கொள்கிறோம்.'

ஆறுமுகநயினார் அதை இரண்டு முறை படித்தார். சந்தனமாரி முழுகாமல் இருக்கிறாள் என்ற இடத்தில் விரல் நின்றது. உண்மையை எழுதினால் பங்காளிகளை வரவழைத்துக் கன்னிப்பெட்டி வைக்கலாம், பிள்ளை பிழைக்கும். அது அவருக்குத் தெளிவாகவே தெரிந்தது. மைப்புட்டியைத் திறந்தார். பேனாவைத் தொட்டார். வெகுநேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

'என் தங்கை மரியாதை தெரிந்தவள்' என்று எழுதினார். 'நான் நிறுத்தச் சொன்னதாகச் சொல்லவும்.' புனலூர் விலாசத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

"யாரு தபாலு?" என்றாள் முப்பிடாதியம்மாள் நெல்லறை வாசலிலிருந்து.

"சம்பந்தி."

"பிள்ள எப்பிடி இருக்காளாம்?"

"க்ஷேமமா இருக்கா."

ஐந்து நாள் கழித்துப் பதில் வந்தது. இரண்டே வரி. 'தாங்கள் எழுதியதை அறை வாசலில் நின்று படித்துக் காட்டினோம். அந்த நிமிஷமே சத்தம் நின்றுவிட்டது, சந்தனமாரியும் உள்ளேதான் இருக்கிறாள், இன்றோடு மூன்று நாளாகக் கதவைத் தட்டுகிறோம்.'

அவர் உறையைக் கவிழ்த்தார்.

மேசைமேல் கொஞ்சம் உமி கொட்டியது. விரலை வைத்துப் பார்த்தார்.

சூடாக இருந்தது.